பெண்டிழந்தான் சுழி

ஒரு காளையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எத்தனையோ காரணங்கள் தெரியும். பின்னங்கால் குச்சி மாதிரி நேராக நின்றால் வேண்டாம். அதற்குப் பிறக்கும் கன்றுகள் சிமெண்டுத் தரையில் சீக்கிரம் நொண்டும். அரிவாள் போல ரொம்ப வளைந்திருந்தாலும் வேண்டாம். குளம்பு விரிந்திருந்தால் வேண்டாம். தாயின் மடி தொங்கினால் வேண்டவே வேண்டாம். இதையெல்லாம் கைபேசியில் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். அப்படிப்பட்டவன் பந்திங் என்கிற ஊரில் ஒரு நல்ல காளையின் முன்னால் நின்றுகொண்டு, அதன் காலில் இல்லாத குறையை இருப்பதாகச் சொன்னேன். பக்கத்தில் என் மனைவி நின்றாள். எதிரில் காளையை வளர்த்தவர் நின்றார். இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.

எங்கள் மாட்டுக்கொட்டகை மலேசியாவில், கிள்ளான் நகருக்கு வெளியே, செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் இருக்கிறது. நானும் மனைவியும்தான் எல்லாம். கறப்பது இரண்டு பேரும். கிள்ளான் கடைகளுக்குப் பால் கொண்டுபோவது நான். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கோயிலுக்கும் வேன் ஓட்டிக்கொண்டு போவது அவள். நெரிசலில் வேன் ஓட்ட என்னால் ஆகாது. முன்னால் போகிறவனை எல்லாம் திட்டிக்கொண்டே போவேன். அவள் பாட்டுப் போட்டுக்கொண்டு பேசாமல் போய்வருவாள்.

எங்களுக்கு ஒரு காளை தேவைப்பட்டது. சினை ஊசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஊசி போடுகிறவர் வந்து சேர்வதற்குள் பல நேரம் மாட்டின் பருவம் தணிந்துவிடும். இந்தப் புழுக்கத்தில் மாடுகள் பருவத்தைச் சரியாகக் காட்டுவதும் இல்லை. கொட்டகையிலேயே ஒரு காளை இருந்தால் அது நம்மைவிட நன்றாகக் கண்டுபிடித்துவிடும்.

முன்பு வைத்திருந்த காளையை அதன் தாய் கறந்த பாலை மட்டும் கேட்டு வாங்கியிருந்தோம். அதற்குப் பிறந்த பசுக்கள் முதல் ஈற்றில் வாளி வாளியாகக் கறந்தன. பார்த்தவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைத்தார்கள். மூன்றாவது ஈற்றுக்குள் கதை மாறிவிட்டது. மடி இறங்கிப்போய்க் காம்பு தரையைத் தொடப் பார்த்தது. மடி நோய் வந்தது. கால் வீங்கியது. ஒவ்வொன்றாகக் கறிக்கு லோரியில் ஏற்றி அனுப்பினோம். ஒவ்வொரு முறை லோரி வரும்போதும் மனைவி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கடைசி மாடு போன அன்றைக்குச் சொன்னாள்.

"இனிமே வாங்குற காளைக்குப் பொறக்கறதெல்லாம் நம்மகூடவே கிழவியாகணும்ங்க. இந்த மாதிரி இன்னொருக்கா என்னால முடியாது."

அதனால் இந்தத் தடவை நிதானமாகத் தேடினேன். நிறையப் பால் தரும் ஃபிரீசியன் இனமாக இருக்க வேண்டும், ஆனால் வெயில் தாங்கும் சாஹிவால் கொஞ்சம் கலந்திருக்க வேண்டும். சுத்த ஃபிரீசியன் நம் ஊர் வெயிலில் நாக்கைத் தள்ளும். எங்கள் மாடுகளுக்கு இரத்தச் சொந்தமாக இருக்கக் கூடாது. முரட்டுக் குணம் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, தாய் உயிரோடு இருக்க வேண்டும், கிழடாக இருக்க வேண்டும், இன்னும் கறந்துகொண்டிருக்க வேண்டும். காளைக்கு மடி கிடையாது. அது கொடுக்கப்போகிற மடியை அதன் தாயிடத்தில்தான் பார்க்க முடியும்.

இப்போது சுழிக்கு வருகிறேன். மாட்டின் உடம்பில் மயிர் சுழன்று வட்டமாகக் கிடக்கிற இடத்தைச் சுழி என்பார்கள். அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து, வாங்குகிறவனுக்கு நல்லதா கெட்டதா என்று சொல்லும் பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. மாடு வளர்க்கிறவர்களுக்கு என்று நாங்கள் ஒரு வாட்சாப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஒருவர் ஒரு கிடாரியின் படத்தைப் போட்டு, "சுழி சரியில்லை என்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. சுழி பார்த்து மாடு வாங்குகிறவர் வால் பார்த்து மாப்பிள்ளை எடுப்பாரா என்று ஆரம்பித்து, கேள்விப்பட்ட கெட்ட சுழிகளின் பெயர்களை எல்லாம் போட்டு ஒவ்வொன்றையும் கிண்டல் செய்தேன். பாடைச் சுழி, துடைப்பச் சுழி, விலங்குச் சுழி என்று போய்ப் பெண்டிழந்தான் சுழியில் வந்து நின்றேன். அந்தச் சுழி உள்ள மாட்டை வாங்குகிறவனுக்கு மனைவி தங்க மாட்டாளாம். அதன் கீழே எழுதினேன்: "அப்படியானால் இந்த மாட்டுக்கு நல்ல கிராக்கி இருக்குமே!"

சிரிக்கிற முகங்கள் மளமளவென்று விழுந்தன. ஆண்கள்தான் எல்லாரும். பெருமையாக இருந்தது. என் மனைவியும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை; நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் மறந்துபோனேன்.

பிறகு ஒரு நாள் காலை, ஒரு மாட்டைக் கறந்து முடித்து அடுத்த மாட்டுக்குப் போகிற இடைவெளியில், மனைவி சாதாரணமாகச் சொன்னாள். குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கட்டியாகத் தட்டுப்படுகிறதாம். கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் தினமும் மடி தடவிப் பார்க்கிறவர்கள். பாசிப்பயறு அளவு கெட்டியாக இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அவள் விரல் தப்பாகச் சொல்லாது என்று எனக்குத் தெரியும். கறவை இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

மருத்துவமனையில் ஊசி வைத்துச் சதை எடுத்தார்கள். முடிவு வரக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் பந்திங்கில் ஒரு காளை இருப்பதாகச் செய்தி வந்தது. நான் போக வேண்டாம் என்று நினைத்தேன். அவள்தான் கிளம்பினாள்.

"வீட்ல உக்காந்து போனையே பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? வாங்க போய்ப் பார்ப்போம் லா."

காளைக்காரர் எங்களைவிட மூத்தவர். நாங்கள் அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். மனைவி இறந்துபோய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் வெளிநாட்டில். தனியாகப் பார்க்க முடியவில்லை என்று மாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டு முகப்பில் அந்த அம்மாவின் படம் மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் மாலை, சின்னதாகச் சிவப்பு பல்பு. அந்தப் படம் நேராகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் தாயைக் காட்டினார். கொம்பு தேய்ந்த, முதுகு லேசாகக் குழிந்த கிழட்டுப் பசு. எத்தனையோ கன்று போட்ட பிறகும் அதன் மடி வயிற்றோடு ஒட்டி உயரத்தில் நின்றது. நான்கு காம்பும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. மனைவி அதன் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பார்த்தாள். தொட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! இந்தக் கிழவிக்கு மடியப் பாருங்க!"

மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே காளையை வாங்கிவிடலாம் என்று எனக்குப் பட்டது. காளையின் அக்காமார் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அவர்களுக்கும் அதே மடி, அதே கால்.

பிறகு காளையை மூக்கு வளையத்தில் கயிறு போட்டு வெயிலுக்குக் கொண்டுவந்தார். இளங்காளை. நெஞ்சு அகலம், நடையில் ஒரு அலட்சியம், ஆனால் கண்ணில் மிரட்சி இல்லை. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். குளம்பு கறுத்து இறுகியிருந்தது. பின்னங்கால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. இடுப்பு பின்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. அதற்குப் பிறக்கும் பசுக்கள் சிரமமில்லாமல் ஈனும். இரத்தம், விந்து எல்லாம் கால்நடை மருத்துவர் சோதித்துச் சரி என்று சொல்லியாகிவிட்டது. நான் இத்தனை நாள் மற்றவர்களுக்கு எடுத்த பாடம் நான்கு காலில் எழுந்து வந்து நின்றது.

கயிற்றை இழுத்து மறுபக்கம் திருப்பினார். அப்போதுதான் பார்த்தேன். முதுகில், இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் முன்னால், கறுப்புத் திட்டு முடிந்து வெள்ளை தொடங்குகிற இடத்தில் மயிர் சுழன்று வட்டமாகக் கிடந்தது.

பெயர் தானாக மனதில் வந்து விழுந்தது. நானே கிண்டல் செய்து எழுதிய பெயர். தலையைத் தூக்கினேன். சிவப்பு பல்பும் அந்த அம்மாவின் முகமும் கண்ணில் பட்டன. அதற்கு இந்தப் பக்கம் என் மனைவி, வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, காளையைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறாள். என் கண் மறுபடியும் சுழிக்கே போனது.

"சுழியப் பார்க்குறீங்களா தம்பி?" என்று கேட்டார் அவர். மெதுவாகத்தான் கேட்டார்.

"சேச்சே! அதெல்லாம் பார்க்கிற ஆளாண்ணே நானு?" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "அது... பின்னங்கால்தான். கொஞ்சம் நேரா நிக்கிற மாதிரி இருக்கு. சிமெண்டுத் தரைக்குத் தாங்காது."

அவர் கயிற்றைத் தளரவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தான் வளர்த்த கன்றின் காலில் இத்தனை நாள் கண்ணுக்குப் படாத குறை எங்கே இருக்கிறது என்று தேடினார்.

"அப்படியா தம்பி? எனக்குத் தெரியலயே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். குரூப்ல நீங்க போடுறதெல்லாம் நான் விடாம படிக்கிறவன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவி காளையின் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. "சரிண்ணே, வர்றோம்," என்று சொல்லிவிட்டு வேனில் போய் ஏறிக்கொண்டாள்.

திரும்புகிற வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தச் சொன்னேன். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கைபேசியில் தேடினேன். அந்தச் சுழி முதுகில்தான் இருக்கும் என்றான் ஒருவன். தொடையில் என்றான் இன்னொருவன். பசுவுக்கு மட்டும்தான் பலிக்கும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கத் தோன்றியது. அதற்குக் கீழேயே காளைக்குத்தான் ரொம்பப் பலிக்கும் என்று வேறொருவன் எழுதியிருந்தான். ஊரைக் கிண்டல் செய்தவன், மூத்திர நாற்றத்தில் நின்றுகொண்டு சுழி சாத்திரம் படித்தேன். வெளியே வந்தபோது மனைவி எனக்கும் சேர்த்துக் கச்சாங் கடலைப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தாள்.

"வயிறு சரியில்லையா?"

"ஆமா," என்றேன். அன்றைக்கு அது இரண்டாவது பொய்.

எனக்கு அந்தச் சுழியில் நம்பிக்கை இருந்ததா? இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். மருத்துவமனையில் எடுத்த சதையில் இருப்பது இருக்கும், இல்லாதது இருக்காது. காளையின் முதுகு மயிர் அதை மாற்றாது. அறிவுக்கு இது தெரியும். ஆனால் பயம் அறிவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவளிடம் மனம் விட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். முடிவுக்காகக் காத்திருக்கிறவள் முகத்துக்கு நேராக, பெண்டிழந்தான் என்ற வார்த்தையை எந்த வாயால் சொல்வது? அது ஒரு பாதி. மற்றப் பாதி, நான் நான்கு பேர் முன்னால் மூக்குடைபடக் கூடாது என்கிற வீம்பு. எது பெரிய பாதி என்று என்னைக் கேட்காதீர்கள்.

சில நாள் கழித்து, சாயங்காலக் கறவை நேரத்தில் காளைக்காரர் கூப்பிட்டார். என் கையெல்லாம் பால் ஈரம். கைபேசியைத் திண்டில் வைத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"தம்பி, ஒரு வார்த்த உங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யலாம்னுதான். காள பார்க்க ரெண்டு பேரு வந்தாங்க. கால் சரியில்லன்னு நானே சொல்லிட்டேன். தெரிஞ்சுகிட்டே மறைச்சு விக்கக் கூடாதுல்ல? அவங்க வேணாம்னுட்டாங்க. இப்ப ஹரி ராயா ஹாஜிக்கு குர்பானி மாடு எடுக்கறவரு ஒருத்தரு கேட்டிருக்காரு. அறுக்கறதுக்கு. இனப்பெருக்கத்துக்குத்தான் ஆகாதே, கொடுத்துடலாமா?"

மனைவி கறவை இயந்திரத்தை நிறுத்தினாள். கொட்டகை சட்டென்று அமைதியானது. ஈரக் கையோடு வந்து கைபேசிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, கொடுத்துடாதீங்க. நாளைக்குக் காலையில நாங்க வர்றோம்."

மறுநாள் அவள்தான் வேனை ஓட்டினாள். பாட்டுப் போடவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கால்..." என்றேன்.

"காலப் பத்திப் பேசாதீங்க," என்றாள்.

செம்பனை வரிசைகள் போய்க்கொண்டே இருந்தன.

அவர் காளையை வெளியே கட்டி வைத்திருந்தார். மனைவி நேராக அதனிடம் போனாள். கயிற்றை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள, பக்கவாட்டில் நின்று கையை நீட்டி, முதுகில் அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இதுதானே?" என்று என்னைக் கேட்டாள்.

நான் தரையைப் பார்த்தேன்.

"அன்னிக்கே பார்த்தேன். தாய்மாட்டப் பார்க்கறதுக்கு முன்னாடியே, கொட்டகையில கட்டியிருக்கும்போதே இது என் கண்ணுல பட்டுச்சு. பேரும் தெரியும். நீங்கதானே குரூப்ல போட்டீங்க, நல்ல கிராக்கி இருக்கும்னு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கு அது வரும். என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றேன். முடிவு என்ன வருமோ என்று தெரியாத நிலையில், அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு, என் கிண்டலையும் நினைவில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் அந்தக் கிழட்டுப் பசுவின் மடியைப் பார்த்து அவள் சந்தோஷமாகச் சிரித்திருக்கிறாள். நான் ஒளிந்து ஒளிந்து பார்த்ததை அவள் நேராகப் பார்த்துவிட்டு ஒதுக்கியிருக்கிறாள்.

அவள் காளைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அக்கா இருந்தப்பவே பொறந்துச்சா இது?"

"இல்லம்மா. அவளுக்குக் கருமாதி முடிஞ்சப்புறம்தான் இது பொறந்துச்சு. அவ இதக் கண்ணால பார்க்கல." காளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "ஆனா வர்றவங்க எல்லாம் சுழியப் பார்ப்பாங்க, அப்புறம் அவ படத்தப் பார்ப்பாங்க. ஒண்ணும் சொல்லாம போயிடுவாங்க. தம்பி ஒருத்தருதான் கால்னு சொன்னாரு. நான்கூட, பரவாயில்ல, இவராவது மாட்டப் பார்த்துச் சொல்றாரேன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக அந்தக் காளை என்னை முட்டித் தள்ளியிருக்கலாம். எப்படியோ சொல்லிவிட்டேன்: "அண்ணே, கால்ல ஒண்ணும் இல்ல. நல்ல காலு. நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. யோசித்தார். "அப்ப அந்த ரெண்டு பேருக்கும் மறுபடியும் போன் போட்டுச் சொல்லணுமே," என்று மட்டும் சொன்னார்.

"நீங்க ஏண்ணே சொல்றீங்க? அவரே குரூப்ல போடுவாரு," என்றாள் மனைவி.

போட்டேன். "பந்திங் காளையின் கால் நன்றாகவே இருக்கிறது, நான் தவறாகப் பார்த்துவிட்டேன்" என்று போட்டேன். தவறாகப் பார்த்துவிட்டேனாம். அங்கேயும் முழுசாகச் சொல்ல மனம் வரவில்லை.

காளை எங்களுக்குத்தான் என்று முடிவானது. ஆனால் கயிற்றைக் கை மாற்றுகிற நேரத்தில் நான் கையை நீட்டவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, கை எழும்பவில்லை. கருமாதிக்குப் பிறகு பிறந்த காளை என்று காதால் கேட்ட பிறகும் எழும்பவில்லை. மனைவி என் கையைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். அவர் விற்பனைச் சீட்டு எழுத உட்கார்ந்து, வழக்கம்போல என் முகத்தைப் பார்த்து, "பேரு தம்பி?" என்றார்.

"என் பேர்ல போடுங்கண்ணே," என்றாள் அவள். "மாட்டுக்குச் சொந்தக்காரனுக்குத்தானே பொண்டாட்டி தங்க மாட்டா? எனக்குத்தான் பொண்டாட்டியே இல்லயே."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருக்க வேண்டும். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் படத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அவ பேர்ல ஒரு கோழிகூட இருந்ததில்லம்மா," என்று சொல்லி, அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார்.

என் சிரிப்பு அங்கேயே நின்றது. கொட்டகை என் பேரில் இருக்கிறது. உரிமம் என் பேரில். வேன் என் பேரில், அதை ஓட்டுகிறவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து விடியலில் என்னோடு எழுந்து கறப்பவளுக்கு, இத்தனை மாடுகளில் ஒன்றுகூடச் சொந்தமில்லை. இந்தக் காளைதான் முதல். அதுவும் எனக்குப் பயமாக இருந்ததால் அவளுக்குக் கிடைத்தது.

கயிற்றை அவள் வாங்கிக்கொண்டாள்.

மருத்துவமனையின் முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? கடவுளுக்கு நன்றி என்று தோன்றவில்லை. நல்லவேளை, காளையை அவள் பேரில் வாங்கினோம் என்று தோன்றியது.

திரும்பி வரும்போது ஒரு சிக்னலில் நின்றோம். அன்றைக்கு நான்தான் ஓட்டினேன். இதையும் மறைத்து வைத்தால் நான் மனிதனே இல்லை என்று நினைத்து, தோன்றியதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரும்வரைக்கும் சிரித்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"காள என் பேர்ல. சரி. அதுக்குப் பொறக்கப்போற கன்னுங்க யாரு பேர்ல?"

"அதெல்லாம் நம்மளதுதானே," என்றேன்.

"நம்மளதுன்னா உங்களது," என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். அடுத்த கன்று பிறக்கும்போது அவள் பேரிலேயே போட்டுவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அவளிடம் சொல்லவில்லை. செய்து காட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அந்தக் காளைக்கு முதல் கன்று பிறந்தது. பெண் கன்று. நல்ல நெஞ்சு, நல்ல நடை. காதில் அடையாள வில்லை மாட்ட ஆள் வந்தார். மனைவி வைக்கோலில் உட்கார்ந்து சாக்கால் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"யாரு பேர்ல பாஸ்?"

நான் என் பெயரைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது கேட்டது. அதற்குள் அவர் எழுதிக்கொண்டுவிட்டார். மாற்றிப் போடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். வெளியாள் முன்னால் ஏன் என்று மூடிக்கொண்டேன்.

மனைவி தலை நிமிரவில்லை. கன்றின் பின்னங்காலைப் பிடித்து மெதுவாக நீட்டி, திருப்பி, குளம்பு வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"காலு நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னாள்.